கல் இல்லாத குழிகள்

சந்தனமாதாபட்டி,
2 செப்டம்பர் 2024

அன்புத் தங்கை அடைக்கலமேரிக்கு, அண்ணன் சகாய ஆண்டனி எழுதுவது.

என் நம்பரை நீ போனில் தடுத்து வைத்திருப்பதால் பேனாவை எடுத்திருக்கிறேன். முப்பத்தோரு வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவனுக்குக் கடிதம் எழுதுவதில் சங்கடம் ஒன்றும் இல்லை. போன மாதம் நீ பேசிய பேச்சுதான் இன்னும் மனசில் கிடந்து உறுத்துகிறது. "நீங்களும் அவுகளும் ஒண்ணுதாண்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாய். யாரும்மா அந்த அவுக? உன் மகள் ஆஷ்லினுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவன் நான். காலனிப் பிள்ளைக்கு மேலத்தெருவிலிருந்து ஞானத் தகப்பனாக நின்ற முதல் ஆள். அதற்காக என் கூடப் பிறந்த அண்ணன் ஆறு மாதம் என்னோடு பேசவில்லை. உனக்கு இதெல்லாம் தெரியாததா?

நீ கோபத்தில் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதால் தீர்மானத்தை மறுபடியும் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் புதிதாக அடக்கம் செய்ய இடம் இல்லை. அதனால் பத்து வருடம் கடந்த, கல் வைக்காத குழிகளைச் சமப்படுத்திப் பொது இடமாக்குவது. கல் வைத்தவை அப்படியே இருக்கும். அக்டோபர் இருபதுக்கு மேல் வேலை தொடங்கும். ஆட்சேபணை இருந்தால் அந்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் எழுத்தில் தரலாம். நம் கோயில் பங்குப் பேரவையின் செயலாளர் என்ற முறையில் தீர்மானத்தை எழுதியவன் நான்தான். அதில் தெரு கிடையாது, சாதி கிடையாது. மேலத்தெருவிலும் இரண்டு குழிகள் போகின்றன. எல்லோருக்கும் ஒரே விதி.

ஏப்ரலில், உயிர்ப்பு ஞாயிறுக்கு மறுநாள், கல்லறைக்கு நடுவே இருந்த சுவரை இடித்தபோது முதல் கடப்பாரையைப் போட்டது யார்? நாற்பது வருடத்துக் கல்லறை நோட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'மேல்' என்றும் 'கீழ்' என்றும் எழுதி, எந்த வரிசை எந்தக் குழி என்று குறித்து வைத்திருந்த நோட்டு, அதை எல்லோர் முன்னாலும் தீயில் போட்டது யார்? நீ கோயம்புத்தூரிலிருந்து அதற்கென்று வந்து கை தட்டினாய். ஊருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தாய். ஐந்து மாதத்தில் நான் வேறு ஆளாகிவிட்டேனா?

ஆஷ்லின் பெயரில் ஒரு திருப்பலிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தடையை எடுத்துவிட்டு ஒரு போன் போடு.

அன்புடன்,
சகாய ஆண்டனி


கோயம்புத்தூர்,
9 செப்டம்பர் 2024

ஆண்டனி அண்ணனுக்கு,

போன் போட மாட்டேன். போனில் நீங்கள் பேசப் பேச எனக்கு என்ன சொல்ல வந்தேன் என்பதே மறந்துவிடுகிறது. எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

கோயில் போர்டில் ஒட்டிய குழிப் பட்டியலைக் காலனியிலிருந்து நாகவல்லி போட்டோ எடுத்து அனுப்பினாள். அறுபத்தொரு குழி. அதில் உங்கள் தெரு இரண்டு, நீங்கள் சொன்னது சரிதான். மிச்சம் ஐம்பத்தொன்பதும் எங்கள் தெரு. ஒரே விதிதான், ஆனால் போய் விழுகிற இடம் மட்டும் எப்படி ஒரே இடமாக இருக்கிறது என்று தமிழ் வாத்தியார் யோசித்துப் பார்க்கவில்லையா? எங்கள் பக்கம் ஏன் ஒரு கல்கூட இல்லை?

உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். 2012 நவம்பரில் ஆஷ்லின் காய்ச்சலில் போனாள். ஒன்பது வயது. முப்பதாம் நாளுக்குக் கல் வைக்க வேண்டும் என்று காரைக்குடியில் சொல்லி வைத்தேன். கருங்கல், பெயர், தேதி, மேலே சின்னச் சிலுவை. என் இரண்டு மாதச் சம்பளம். லோடு ஆட்டோவில் வந்து கல்லறை வாசலில் இறங்கப் போகிற நேரம், கமிட்டித் தலைவர் சூசைமரியான் ஐயா வழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "அங்குட்டுக் கல்லு வைக்கிற வழக்கம் இல்லம்மா. மண்ணு மேடும் மரச்சிலுவையும்தான். ஒருத்தருக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாக" என்றார். சத்தம் போடவில்லை. வழக்கமாகச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அவருக்குப் பக்கத்தில் கமிட்டி எழுத்தர் நின்றார். நீங்கள்தான். ஆட்டோக்காரரிடம் "தம்பி, வண்டியத் திருப்பு, கடையிலயே இறக்கிரு" என்று சொன்னது ஐயா இல்லை, நீங்கள். என்னிடம் வந்து, "மேரி, பொறு, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கிருவம்" என்றீர்கள். நானும் பொறுத்தேன். கல்லைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். பெயர் வெட்டின பக்கத்தை இழைத்துவிட்டு வேறு யாருக்கோ கொடுத்ததாகப் பிறகு சொன்னார்.

பங்குக்கு வந்திருக்கிற புதுச் சாமியாரிடம் நாகவல்லியும் மற்றவர்களும் போய்ப் பேசியிருக்கிறார்கள். கல் வைக்கவிடாமல் தடுத்தது உண்மை என்று தெரிந்தால் அந்தக் குழிகளைத் தொட மாட்டேன் என்று அவர் சொன்னாராம். ஆனால் எழுத்தில் ஒன்றும் இல்லையே, வாய் வார்த்தையை வைத்து நான் எப்படிப் பேரவையை மீறுவது என்று கேட்டாராம். நோட்டு இருந்தால் 'கீழ்' என்று போட்ட பெயர் ஒன்றுக்கும் கல் இல்லை என்றாவது காட்டியிருக்கலாம். நீங்கள் எரித்தீர்கள், நான் கை தட்டினேன். அதை நினைத்தால் என் கையையே எனக்குப் பிடிக்கவில்லை.

சூசைமரியான் ஐயாவுக்கு நினைவு தப்பி இரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கு இருந்த கமிட்டியில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான். நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்: 'காலனிக்காரர்கள் கல் வைக்கக் கூடாது என்று வழக்கம் இருந்தது. 2012-இல் அடைக்கலமேரி கொண்டுவந்த கல்லைத் திருப்பி அனுப்பினோம். நான் அங்கே இருந்தேன்.' வேறு ஒன்றும் வேண்டாம்.

அடைக்கலமேரி


சந்தனமாதாபட்டி,
18 செப்டம்பர் 2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது மெர்சியின் அம்மா வந்து என்ன என்று கேட்டாள். சும்மா என்று சொல்லி மடித்து வைத்துவிட்டேன்.

நடந்ததை நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அன்று நான் பயந்தது உண்மை. நீ தனியாக நின்றாய், ஐயாவுக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். கைகலப்பு ஆகிவிடும், பிள்ளையின் முப்பதாம் நாளில் அப்படி ஒன்று வேண்டாம் என்று நினைத்தேன். கமிட்டிக் குறிப்பில் நான் அதை எழுதாமல் விட்டதும் அசிங்கத்தை எழுதி வைக்கக் கூடாது என்றுதான். எழுதினால் அது நிரந்தரமாகிவிடும், எழுதாமல் விட்டால் ஒருநாள் தானாக மறைந்துவிடும் என்று நம்பினேன். மறைந்ததா இல்லையா? சுவர் விழுந்ததா இல்லையா?

இப்போது நீ கேட்பது என்ன? 'காலனிக்காரர்கள்' என்று என் கையாலேயே எழுதச் சொல்கிறாய். எந்த வார்த்தையை நாற்பது வருடமாக இந்த ஊர் வாயிலிருந்து எடுக்கப் பாடுபட்டேனோ, அதைக் கோயில் கோப்பில் மறுபடி ஏற்றச் சொல்கிறாய். இன்றைய சின்னப் பிள்ளைகள் சுவர் இருந்ததே தெரியாமல் வளரப் போகிறார்கள். அவர்களுக்கு நாமே சொல்லிக் கொடுக்க வேண்டுமா? வகுப்பில் நான் ஒரு பிள்ளையிடமும் என்ன தெரு என்று கேட்டதில்லை. எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்று. அதுதான் என் வாழ்நாள் சம்பாத்தியம்.

இன்னொன்று. படுத்த படுக்கையாக, பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாமல் கிடக்கிற ஒரு கிழவரின் பெயரை இந்த நேரத்தில் இழுப்பது நியாயமா? வீட்டில் ஒரு நல்ல காரியமும் கூடி வருகிறது. அதனால்தான் என்று நினைத்துவிடாதே.

கொஞ்சம் அவகாசம் கொடு. யாருக்கும் மனம் நோகாமல் எழுதத் தெரிந்தவன் நான்.

சகாய ஆண்டனி


கோயம்புத்தூர்,
25 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

நல்ல காரியம் என்ன என்று நாகவல்லி சொன்னாள். உங்கள் மகள் மெர்சிக்கு மாப்பிள்ளை மரிய ஆனந்த். நெற்குப்பையில் வீடு எடுத்து வேலை பார்க்கிறார். சூசைமரியான் ஐயாவின் மகன் வயிற்றுப் பேரன். சந்தோஷம். மெர்சி நல்ல பெண், சின்ன வயதில் ஆஷ்லினுக்குத் தன் ரிப்பனைக் கழற்றிக் கட்டிவிட்டவள். அவள் நன்றாக இருக்க வேண்டும். தெருவே பார்க்காத நீங்கள் தேடித் தேடி அலைந்ததில், பாருங்கள், மாப்பிள்ளை சொந்தத் தெருவிலேயே அகப்பட்டுவிட்டார்.

இதை எழுதக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க வைத்திருந்தேன். ஆனாலும் எழுதிவிட்டேன், அடித்து அழிக்க மாட்டேன்.

நீங்கள் எனக்கு நல்லது செய்யவில்லை என்று நான் எப்போது சொன்னேன்? கோயில் பாடல் குழுவில் என்னை முன்வரிசையில் நிறுத்தியது நீங்கள். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டீர்கள், ஆஷ்லினை சைக்கிளில் வைத்துத் திருவிழா காட்டினீர்கள். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. சூசைமரியான் ஐயா மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பார்த்ததைப் பார்த்ததாகச் சொன்னார், செய்ததைச் செய்தார். நீங்கள் பார்க்கவே இல்லை என்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் இருபத்துநான்கு வருடமாக இருக்கிறேன். ஊசி போடுவதற்கு முன்னால் உங்களுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்னால் என்ன வந்தது என்று கேட்டு எழுதுவோம். புதிதாக வந்த ஒரு பெண் அதைக் கேட்காமல், எல்லா நோயாளியும் எனக்கு ஒன்றுதான் என்று சொல்லி ஒரே ஊசியைப் போட்டுக்கொண்டே போனால் அவளை நல்லவள் என்பீர்களா? உங்கள் தீர்மானம் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் கல் இருக்கிறது, என் மகளுக்கு இல்லை. ஏன் இல்லை என்று கேட்காமல் இரண்டு பேருக்கும் ஒரே விதி என்கிறீர்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் தெரியாமல் போகலாம். எங்கள் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

பதினைந்தாம் தேதி, அண்ணே. எனக்கு வேறு ஆள் இல்லை.

மேரி


சந்தனமாதாபட்டி,
9 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு,

நீ நிச்சயத்தைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. குத்த வேண்டும் என்று எழுதினாய், குத்திவிட்டது.

ஆனால் நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. நேற்றுச் சாமியாரிடம் நேரிலேயே கொடுத்துவிட்டேன். யாரும் சொல்லாமல், பேரவைக்கும் தெரியாமல், தனியாகப் போய்க் கொடுத்தேன். உனக்கு நகல் இதோ:

'நமது கல்லறைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் அடக்கம் செய்த சில குடும்பத்தினரால், அக்காலத்தில் நிலவிய பல்வேறு சூழ்நிலைகளின் காரணமாக, தங்கள் அன்பர்களுக்குக் கல் அமைக்க இயலாமல் போயிற்று என்பதை அறிவேன். அவர்களது உணர்வுகளைக் கனிவுடன் கருதுமாறு வேண்டுகிறேன்.'

பார், ஒரு தெருவின் பெயரும் இல்லை. ஒருவரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டிருக்கிறது. நான்கு தடவை அடித்து எழுதினேன். இனிமேலாவது நிம்மதியாகத் தூங்கு.

சகாய ஆண்டனி


கோயம்புத்தூர்,
12 அக்டோபர் 2024

அண்ணனுக்கு,

மகளைப் பார்க்க வந்த நாகவல்லி இன்று ராத்திரி பஸ்ஸில் ஊருக்குத் திரும்புகிறாள். தபாலுக்கு நேரமில்லை என்று அவள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

இயலாமல் போயிற்றா? எனக்கு இயன்றது. கல் வாங்கினேன், பெயர் வெட்டினேன், வாசல் வரைக்கும் கொண்டுவந்தேன். பல்வேறு சூழ்நிலை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சூழ்நிலை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. இன்னொரு சூழ்நிலை ஆட்டோவைத் திருப்பச் சொன்னது. உங்கள் காகிதத்தைப் படிக்கிறவர்கள் இதுகளுக்குக் கையில் காசில்லை, அதனால் கல் வைக்கவில்லை என்றுதான் நினைப்பார்கள். பேசாமல் இருந்தால்கூட எங்களுக்கு இத்தனை கெடுதல் வந்திருக்காது.

சாமியார் நாகவல்லிக்கு போனில் சொன்னாராம்: "ஆண்டனி சாரே இயலல்லைன்னுதான எழுதியிருக்காரு, தடுத்தாகன்னு எழுதலையே." அவர் மேல் தப்பில்லை. உள்ளதைப் படித்தார்.

இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நாகவல்லி திங்கட்கிழமை காலையில் உங்கள் வீட்டுக்கு வருவாள். 'தடுத்தோம்' என்று ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் போதும். நான் யாரிடமும் கெஞ்சினது இல்லை. ஆஷ்லின் மூச்சு விடாமல் கிடந்தபோது டாக்டரிடம்கூடக் கெஞ்சவில்லை, முடிந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். இப்போது கெஞ்சுகிறேன்.

மேரி


சந்தனமாதாபட்டி,
28 அக்டோபர் 2024

மேரிக்கு,

திங்கட்கிழமை நான் வீட்டில் இல்லை. நெற்குப்பையில் மாப்பிள்ளை வீட்டில் மெர்சிக்கு நிச்சயம். இதைச் சொன்னால் நீ நம்புவாய், ஆனால் மன்னிக்க மாட்டாய். செவ்வாய் சாயங்காலம்தான் திரும்பினோம். காலையிலேயே திரும்பியிருக்கலாம். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னார்கள், இருந்தேன். நாகவல்லி இரண்டு நாளும் வந்து வாசலில் நின்றதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

இருபத்தொன்றாம் தேதி வேலை நடந்தது. செயலாளர் என்பதால் நான் நிற்க வேண்டியிருந்தது. பொக்லைன் வந்தது. கிடைத்த எலும்புகளையெல்லாம் சேர்த்து ஒரே குழியில் வைத்து, சாமியார் ஜெபம் சொல்லி மந்திரித்த பிறகு, மேலே வெள்ளைச் சிலுவை நட்டோம். கிடைக்காதவை மண்ணோடு போய்விட்டன. பாதியில் வண்டியை நிறுத்திவிட்டு டிரைவர் கேட்டார்: "சார், இதுல உங்களுக்கு வேண்டியவுக யாரும் இருக்காகளா? சொன்னா அந்த எடத்தப் பாத்து எடுக்கிறேன்." எந்த இடம் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் வரிசையா நான்காம் வரிசையா என்று நோட்டில்தான் இருந்தது. மரச்சிலுவைகள் எப்போதோ கரையான் தின்று விழுந்துவிட்டன. நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

இருபத்துமூன்றில் சூசைமரியான் ஐயா காலமானார். குடும்பக் கல்லறை இருந்தும், அவரைப் பொது இடத்தில்தான் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்பினார்கள். புதிய இடத்தில் முதல் அடக்கம் அவருடையது. பேப்பரில் படம் வந்தது. எல்லோரும் பாராட்டினார்கள், நானும் நாலு வார்த்தை பேசினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தோன்றியது. அதற்குப் பிறகு என்ன பேசினேன் என்று தெரியவில்லை.

இதனுடன் ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். நீ கேட்ட நான்கு வரி, நீ சொன்ன அதே சொற்கள். காலனி என்று எழுதியிருக்கிறேன். தடுத்தோம் என்று எழுதியிருக்கிறேன். ஐயா பெயரும் என் பெயரும் இருக்கிறது. சம்பந்தி வீட்டில் தெரிந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. ஆனது ஆகட்டும்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு நீ வருவாயா? வந்தால் உன்னோடு வந்து நிற்க அனுமதிப்பாயா?

ஆண்டனி


கோயம்புத்தூர்,
4 நவம்பர் 2024

அண்ணனுக்கு,

காகிதம் முப்பத்தோராம் தேதி வந்தது. நன்றாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எழுத வரும் என்பது எனக்கு எப்போதும் தெரியும். நாகவல்லியிடம் கொடுத்துவிட்டேன். இனிமேல் இந்த மாதிரி ஒன்று நடந்தால் காட்டுவதற்கு உதவும் என்று சொல்லித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

இரண்டாம் தேதி வந்திருந்தேன். உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் உங்கள் அப்பா கல்லறையில் மாலை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நீங்கள் என்னைத் தேடினதையும் பார்த்தேன். நான் முக்காடு போட்டிருந்தேன்.

வெள்ளைச் சிலுவையடியில் எங்கள் தெரு முழுக்க நின்றது. நூறு மெழுகுவர்த்தி இருக்கும். எனக்கு அங்கே போக மனம் வரவில்லை. அந்தக் குழியில் அவள் இருக்கிறாளா, மண்ணோடு போனாளா, யாருக்குத் தெரியும்? வருடா வருடம் கேட்டிலிருந்து எண்ணி நடப்பேன். நேராக நாற்பத்தேழு எட்டு வைத்து, அப்புறம் இடது பக்கம் ஒன்பது. நேற்று முன்தினமும் எண்ணினேன். கேட்டை அகலப்படுத்தித் தள்ளி வைத்திருக்கிறீர்கள், அதனால் எங்கிருந்து தொடங்குவது என்றே புரியவில்லை. குத்துமதிப்பாக நடந்தேன்.

நடந்து போய் நின்ற இடத்தில் புதுக் கருங்கல் இருந்தது. திருநாளுக்குள் வைத்துவிட வேண்டும் என்று பிள்ளைகள் அவசரமாக வைத்திருக்கிறார்கள் போல, சிமெண்டு ஈரம்கூடக் காயவில்லை. சூசைமரியான் ஐயா பெயர், தேதி, மேலே சிலுவை. இடம் சரிதானா, நான்கு எட்டு தள்ளியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் காற்று அடித்தது, மெழுகுவர்த்தியை மண்ணில் நட்டால் அணைந்துவிடும். சுற்று வட்டாரத்தில் மறைவு அந்தக் கல் ஒன்றுதான். அதன் அடியில் ஏற்றி வைத்தேன்.

ஐயாவின் மூத்த மகன் மாலையோடு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. மரியாதையாகத்தான் கேட்டார்: "அப்பாவுக்கு வேண்டியவகளா நீங்க? எங்கயிருந்து வாரீக?"

ஆமா என்று சொன்னேன். கோயம்புத்தூர் என்று சொன்னேன்.

"இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

இனிமேல் எனக்கு எழுத வேண்டாம்.

அடைக்கலமேரி